வேலையில் ஆர்வம் வற்றாமல் இருக்க: தொடர்ந்து நேர்த்தியாகச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நான் மெய்ப்புத் திருத்துபவன். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகப் படித்துப் பிழை களைவது வேலை. சேர்ந்த புதிதில் பசி தெரியாமல் உட்கார்ந்து படிப்பேன். மூன்றாவது வருடம் முடிவதற்குள் அதே மேசையில் கடனே என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அச்சாகி வந்த புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது கை நின்றுவிட்டது. ஒரே மனிதரின் பெயர் 40ஆம் பக்கத்தில் ஒரு மாதிரியும் 112ஆம் பக்கத்தில் வேறு மாதிரியும் அச்சாகியிருந்தது. இரண்டு பக்கங்களையும் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

இந்த வேலைமேல் இருந்த பிரியம் போய்விட்டது, இனி வேறு எதையாவது தேட வேண்டியதுதான் என்று அன்று நினைத்தேன். தேடவும் செய்தேன். ஆனால் பிரியம் திரும்பி வந்தது அதே மேசையில், அதே தாள்களில்தான். ஆர்வம் முதலில் வரும், நல்ல வேலை அதைத் தொடர்ந்து வரும் என்று அதுவரை நம்பியிருந்தேன். என் அனுபவத்தில் அது நேர்மாறாக நடந்தது. ஒரு சின்ன விஷயத்தை ஊன்றிப் பார்த்துச் செய்தேன், ஆர்வம் அப்புறம்தான் வந்தது. இன்றைக்குச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நான் சொல்லக்கூடிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் மென்பொருள் எழுதுபவராக இருக்கலாம், செவிலியராக, ஆசிரியராக, தையல்காரராக, கணக்கு எழுதுபவராக இருக்கலாம். வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: சோர்வு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

‘ஆர்வமே இல்லை’ என்று நாம் சொல்லும்போது குறைந்தது நாலு வேறு வேறு விஷயங்களை ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உடம்பு களைத்திருக்கலாம். செய்யும் வேலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். கற்க வேண்டியதெல்லாம் கற்றாகிவிட்டது போலத் தோன்றலாம். அல்லது எல்லா முடிவையும் வேறு யாரோ எடுத்துவிட்டு, நம் கைக்கு வெறும் எடுபிடி வேலை மட்டும் வந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. களைத்தவனுக்குத் தூக்கம் வேண்டும், அவனிடம் போய் லட்சியம் பேசினால் எரிச்சல்தான் வரும்.

ஏழு நாளைக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாளின் முடிவில் மூன்றே வரி போதும்: எந்த வேலையின்போது நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையைத் தள்ளிப்போட்டேன், தள்ளிப்போடும்போது மனதில் என்ன ஓடியது. மூன்றாவது வரிதான் முக்கியம். ‘எனக்கு இது சரியாக வராது’ என்று ஓடினால் அது பயம். ‘இதைச் செய்து யாருக்கு என்ன ஆகப்போகிறது’ என்று ஓடினால் பலன் தெரியாத குறை. ‘கண்ணைத் திறக்கவே முடியவில்லை’ என்றால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, தூங்கப் போங்கள்.

நான் குறித்தபோது ஒன்று புரிந்தது. நான் வெறுத்தது படிப்பதையே அல்ல. நூறு பக்கம் தாண்டிய பிறகு, பழகிய கண்ணால், எதையும் புதிதாகப் பார்க்காமல் படிப்பதைத்தான் வெறுத்தேன். கற்றல் நின்றுபோயிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், வேலையால் வரும் எரிந்துபோன நிலையைத் தனியாக விவரித்தது. சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, திறன் குறைந்துவிட்ட எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். சமாளிக்கப்படாத, நாள்பட்ட பணி அழுத்தம்தான் காரணம் என்கிறது அந்த விளக்கம். அந்த நிலையில் இருப்பவர் இன்னும் முனைப்பாக உழைக்கப் பார்க்கக் கூடாது, பாரத்தை இறக்க வழி பார்க்க வேண்டும். அதேபோல வேலை மட்டுமல்லாமல், பிடித்த பாட்டு, பிடித்த மனிதர்கள் என்று எதிலுமே மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் படி. மற்றதெல்லாம் பிறகு.

படி 2: ‘என் ஆர்வம் எது’ என்ற தேடலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

இந்தத் தேடலில் நான் ஒரு வருடத்தைத் தொலைத்தேன். எங்கோ எனக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது, அதைப் பார்த்த கணமே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. கேட்க நன்றாக இருக்கிறது. செய்யும் கெடுதல் அதிகம்.

பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரிகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கல்லூரி மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றிய சுவாரசியமான ஒரு காணொளியைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் ஆர்வமானார்கள். அப்புறம் அதே விஷயத்தைப் பற்றிய கடினமான கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருப்பது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களின் உற்சாகம் கட்டுரைக்குப் பிறகு கூடுதலாக விழுந்தது. ஆர்வத்தை வளர்க்க முடியும் என்று நம்பியவர்கள் அவ்வளவு எளிதில் விடவில்லை.

நம் பேச்சில் இதற்கு ஆரம்ப சூரத்தனம் என்று ஒரு பெயர் உண்டு. அதைச் சோம்பலின் அடையாளமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடினமான பகுதி வந்ததும் ‘இது எனக்கானது இல்லை போலிருக்கிறது’ என்று தப்பாகப் புரிந்துகொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. எந்த வேலையிலும் அந்தப் பகுதி வரும். வந்தால் உள்ளே போக ஆரம்பித்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

ஆகவே இப்போதைக்குக் கையில் இருக்கும் வேலையோடு மூன்று மாதம் இருங்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை அதுவரை கேட்காதீர்கள்.

படி 3: ஒரே ஒரு துண்டை எடுத்து, அதை மட்டும் உச்சமாகச் செய்யுங்கள்

எல்லாவற்றையும் நாளையிலிருந்து சிறப்பாகச் செய்கிறேன் என்று சபதம் எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் எடுத்திருக்கிறேன். ஒரு வாரம் தாங்காது. அகலக்கால் வைத்தால் அப்படித்தான். மாறாக, வேலையில் ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி திரும்ப வருவதாக, ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவதாக, நன்றாகச் செய்ததும் செய்யாததும் கண்ணுக்குத் தெரிவதாக அது இருக்க வேண்டும்.

எனக்கு அந்தத் துண்டு ஒரு மெய்யெழுத்து. ‘வேலை செய்தான்’ என்று எழுதினால் நடுவில் ‘ச்’ வராது. ‘வேலையைச் செய்தான்’ என்றால் வரும். சேர்ந்த நாளிலிருந்து இரண்டையும் சரியாகவே திருத்திக்கொண்டிருந்தேன், காது பழகியிருந்ததால். ஏன் அப்படி என்று கேட்டதே இல்லை. அந்த வாரம் கேட்டேன். ‘ஐ’ உருபு வெளிப்படையாக இருந்தால் வல்லினம் மிகும், மறைந்திருந்தால் மிகாது. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே ‘தண்ணீர் குடித்தான்’, ‘தண்ணீர்க் குடம்’ இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. இரண்டிலும் அடுத்த எழுத்து ‘கு’தான், இரண்டிலும் ‘ஐ’ மறைந்துதான் இருக்கிறது. பிறகு ஏன் ஒன்றில் மட்டும் ‘க்’? குடத்தில் உருபோடு இன்னொரு சொல்லும் மறைந்திருக்கிறது. தண்ணீரை உடைய குடம். ‘ஐ’ மட்டும் மறைந்தால் மிகாது, ‘உடைய’ போன்ற சொல்லும் சேர்ந்து மறைந்தால் மிகும்.

இதைப் புரிந்துகொண்ட அன்று மாலை நேரமானது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சலித்துப்போயிருந்த அதே பக்கங்கள். அவற்றுக்குள் நான் பார்க்காத ஓர் அடுக்கு இருந்திருக்கிறது. அடுத்த நாள் வேலைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போனேன். யாரும் சொல்லவில்லை.

உங்கள் வேலையில் அந்தத் துண்டு எதுவாக இருக்கலாம்? மென்பொருள் எழுதுபவருக்குப் பிழை நேரும்போது பயனருக்குக் காட்டும் அந்த ஒரு வரி. செவிலியருக்குப் பணி மாறும்போது அடுத்தவருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. ஆசிரியருக்கு வகுப்பின் முதல் ஐந்து நிமிடம். தையல்காரருக்குப் பொத்தான் துளை. எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் சட்டையைக் கொடுக்கும்போது முதலில் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். அங்கே ஒரு நூல்கூடத் தொங்காது. வெளிப்பக்கத்தைப் பற்றி அவர் பேசவே மாட்டார்.

துண்டைத் தேர்ந்த பிறகு மூன்று காரியம் செய்யுங்கள். அது நன்றாக இருப்பது என்றால் என்ன என்று உங்கள் சொற்களில் நாலைந்து வரி எழுதுங்கள். எழுதப் போனால்தான் இதுவரை நமக்கே தெளிவில்லை என்பது தெரியும். அடுத்து, அந்தத் துண்டை உங்களுக்குத் தெரிந்தவர்களில் மிக நன்றாகச் செய்பவரின் வேலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒப்பிடுவது மனம் நோக அல்ல, எந்த இடத்தில் அவர் வேறு முடிவு எடுத்திருக்கிறார் என்று பார்க்க. கடைசியாக, முடித்ததை ஒரு முறை கலைத்துத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது முறை செய்யும்போதுதான் கை பேச ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரம் ஒரே துண்டு, அப்புறம் அடுத்தது.

படி 4: வேலை யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்

ஆடம் கிராண்ட் 2007இல் அவருடன் சேர்ந்தவர்களோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள். சலிப்பான வேலை, பெரும்பாலும் மறுமுனையில் ‘வேண்டாம்’ என்று வைத்துவிடுவார்கள். அவர்களில் ஒரு பிரிவினர், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிரிவினர் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருந்தன. மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்த பிரிவினரிடம் அப்படிப்பட்ட மாற்றம் இல்லை.

கடிதத்தால் முடியாததை ஒரு முகம் செய்திருக்கிறது. ஆகவே ‘என் வேலை சமூகத்துக்குப் பயன்படுகிறது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள், அது வேலைக்கு ஆகாது. நீங்கள் செய்ததைப் பயன்படுத்தும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். நான் திருத்திய பாடநூல் ஒன்றைச் சிறுமி ஒருத்தி விரலை வரிக்கடியில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்ததை ஒரு முறை பார்த்தேன். அந்த விரல் ஒரு தப்பான எழுத்தின் கீழே நின்றிருந்தால் அவள் அதைத்தானே கற்றிருப்பாள்? அதற்குப் பிறகு பாடநூல் தாள்கள் வந்தால் நான் அவசரப்படுவதில்லை.

படி 5: எப்போது, எங்கே, எதிலிருந்து

மனம் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று விட்டால் மனம் வராது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து செய்துவந்த ஆய்வுகள் எளிமையான ஒன்றைக் காட்டுகின்றன. ‘செய்ய வேண்டும்’ என்று மட்டும் நினைப்பவரைவிட, ‘இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் சொன்னபடி முடிக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போவதுதான் காரணம்.

எழுதிப் பாருங்கள்: ‘காலையில் கணினியைத் திறந்ததும், அஞ்சலைப் பார்ப்பதற்கு முன், நேற்று நிறுத்திய இடத்திலிருந்து 20 நிமிடம்.’ இதில் ‘நேற்று நிறுத்திய இடம்’ என்பது நான் அனுபவத்தில் கண்ட நல்ல தந்திரம். மாலையில் எழும்போது அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரே வரி எழுதி மேலே வைத்துவிட்டுப் போவேன். வெற்றுத் தாளை எதிர்கொள்ளும் பயம் காலையில் இருக்காது.

வேலைக்கு நடுவே வேறொன்றுக்குத் தாவினால் முந்தையதன் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே இருக்கும், அடுத்ததன் தரம் குறையும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் காட்டினார். எனவே அந்த 20 நிமிடத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்வதுதான் பாக்கி.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று ஒரு கணக்கு உலவுகிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் சேர்ந்தவர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், 18 நாளிலிருந்து கணிப்பின்படி 254 நாள் வரை வேறுபாடு இருந்தது. 22ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. விட்டுப்போன மறுநாள் உட்கார்ந்துவிட்டால் போதும்.

படி 6: மனநிலை கெட்டாலும் தரம் கெடாத ஏற்பாடு

நல்ல நாளில் நல்ல வேலை செய்ய யாராலும் முடியும். தொடர்ந்து நேர்த்தியாகச் செய்பவரின் சிறப்பு, அவருடைய மோசமான நாளின் வேலையும் ஒரு மட்டத்துக்குக் கீழே போகாமல் இருப்பது. மனஉறுதியால் மட்டும் அது வருவதில்லை. பட்டியலால் வருகிறது.

இது அற்பமான யோசனையாகத் தோன்றினால் அறுவை அரங்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி இவர்தானா, எந்தப் பக்கம், என்ன சிகிச்சை, கருவிகளை எண்ணியாயிற்றா என்பது போன்ற, எந்த மருத்துவருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் பட்டியலில் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே செய்த தவறுகளிலிருந்தே அதை எழுதுங்கள். என் பட்டியலின் முதல் வரி: ‘ஆட்பெயர்கள் எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி, வரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பிடு.’ அந்த வரி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லா வேலைக்கும் உச்சத் தரம் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை அழகாக எழுதுவதில் அரை மணி நேரம் போனால், அந்த அரை மணி உங்கள் முக்கிய வேலையிலிருந்துதான் போகிறது. எதை வெறுமனே சரியாகச் செய்தால் போதும் என்று முடிவெடுக்கத் தெரிந்தவரிடம்தான் மற்றதை நேர்த்தியாகச் செய்ய சக்தி மிஞ்சுகிறது.

படி 7: முன்னேற்றம் கண்ணில் படட்டும்

ஆய்வாளர்கள் தெரேசா அமபிலேயும் ஸ்டீவன் கிராமரும் 7 நிறுவனங்களில் 26 குழுக்களைச் சேர்ந்த 238 பேரிடம், அன்றன்றைய வேலையைப் பற்றிய நாட்குறிப்புகளைச் சேகரித்தார்கள். ஏறக்குறைய 12,000 குறிப்புகள். மனிதர்கள் உற்சாகமாக இருந்த நாட்களில் அதிகமாகக் காணப்பட்டது எது என்று பார்த்தால், அர்த்தமுள்ள வேலையில் கொஞ்சமாவது முன்னே நகர்ந்திருந்தார்கள். மிகச் சிறிய நகர்வுகூடப் போதுமாக இருந்தது. பின்னடைவு ஏற்படுத்திய பாதிப்பு, முன்னேற்றம் தந்த மகிழ்ச்சியைவிடப் பெரிதாக இருந்தது என்பதும் அதில் தெரிந்தது. அதனால்தான் ஒரு நாள் சறுக்கினால் முந்தைய பத்து நாள் முன்னேறியதும் மறந்துபோகிறது. எழுதி வைத்திருந்தால் மறக்காது.

நான் வைத்திருப்பது ஒரு தவறு நோட்டு. புத்தகம் அச்சாகி வந்ததும், என் கண்ணுக்குத் தப்பிய பிழைகளைத் தேடி எழுதுவேன். மூன்று பத்தி: என்ன பிழை, எந்த வகை, ஏன் தப்பியது. முதல் புத்தகத்துக்கு 31 பிழைகள். எண்ணிக்கையைப் பார்த்து அன்று தூக்கம் வரவில்லை. ஆனால் ‘ஏன் தப்பியது’ என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படித்தபோது, பாதிக்கு மேல் மதிய உணவுக்குப் பிந்தைய முதல் மணி நேரத்தில் பார்த்த பக்கங்கள் என்று தெரிந்தது. அந்த நேரத்தைப் படிக்காத வேலைக்கு மாற்றினேன். அடுத்த புத்தகத்தில் 19. ஒரு வருடத்தில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. யாராவது பாராட்டியிருந்தால் சந்தோஷம்தான், ஆனால் அந்த நோட்டு கொடுத்த தெம்பை யாருடைய பாராட்டும் கொடுத்ததில்லை.

உங்கள் வேலைக்கு ஏற்ற ஓர் எண்ணைத் தேடுங்கள். திரும்பி வந்த கோரிக்கைகள், இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்த பாடங்கள், பிரித்துத் தைத்த தையல்கள். உங்கள் கையில் இருப்பதாக அந்த எண் இருக்க வேண்டும். எத்தனை பேர் விரும்பினார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

படி 8: பணமும் பாராட்டும் எங்கே நிற்க வேண்டும்

உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் மாணவர்களுக்குக் கனசதுரத் துண்டுகளை இணைக்கும் புதிர்களைக் கொடுத்தார். ஒரு பிரிவுக்குப் புதிருக்கு ஒரு டாலர் கொடுத்து, பிறகு அதை நிறுத்தினார். பணம் நின்றதும் அவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைய முனைந்தது. படம் வரைவதில் விருப்பமுள்ள சின்னக் குழந்தைகளிடம் 1973இல் நடந்த இன்னோர் ஆய்விலும் இதுதான் நடந்தது. வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அந்தக் குறை வரவில்லை.

இதை வைத்துக் கூலி முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உழைப்புக்கு உரிய ஊதியம் இல்லாத இடத்தில் ஆர்வம் பற்றிப் பேசுவது அநியாயம், அங்கே முதலில் ஊதியத்தைப் பேசுங்கள். நான் சொல்ல வருவது, பேசி முடித்த பிறகு வேலையில் உட்காரும் நேரத்தில் பணத்தையும் பாராட்டையும் மேசையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதைத்தான். டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் சொன்னபடி, மனிதரை உள்ளிருந்து நகர்த்துபவை மூன்று: தானே முடிவெடுக்கும் இடம், திறமை வளர்கிறது என்ற உணர்வு, மற்றவரோடு பிணைப்பு. இவற்றில் உங்களிடம் எது குறைகிறது என்று பாருங்கள். முடிவெடுக்கும் இடம் குறைந்தால் மேலதிகாரியிடம் போய் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கேளுங்கள்: ‘இதை எந்த வரிசையில் செய்வது என்று நானே முடிவு செய்துகொள்ளட்டுமா?’ பெரும்பாலும் சரி என்பார்கள்.

படி 9: நிறுத்தத் தெரிய வேண்டும்

ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் வெளியிட்ட, பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களைப் பற்றிய ஆய்வை எத்தனை மணி நேரம் பயின்றார்கள் என்ற கணக்குக்காக மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தவை வேறு. முதல் தர மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பகலிலும் கண்ணயர்ந்தார்கள். பயிற்சியை இடைவெளி விட்டுச் செய்தார்கள். முழுக் கவனத்தோடு செய்யும் பயிற்சியை ஒரு நாளில் சுமார் 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தாங்க முடிவதில்லை. தனியாகச் செய்யும் பயிற்சிதான் முன்னேற்றத்துக்கு மிக முக்கியம் என்று சொன்ன அவர்களே, அதை மிக இன்பமான வேலையாக மதிப்பிடவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பயிற்சி நேரத்தில் ஆனந்தம் பொங்கவில்லை என்றால் குறை நம்மிடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வாலராண்ட் 2003இல் வேட்கையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இசைந்து போவது. இன்னொன்று நம்மைப் பிடித்து ஆட்டுவது, செய்யாவிட்டால் குற்ற உணர்வு கொடுப்பது. எது உங்களுடையது என்று தெரிய எளிய சோதனை: ஒரு நாள் முழுக்க வேலையைத் தொடாமல் இருங்கள். மறுநாள் ஆவலோடு திரும்பினால் நல்லது. அந்த நாளெல்லாம் தவித்துக்கொண்டே இருந்தால், வேலை நேரத்துக்கு ஒரு முடிவு நேரம் குறித்து அதைக் கறாராகக் காப்பாற்றுங்கள்.

படி 10: வறண்ட காலம் வரும்போது

வரும். சார்லஸ் டார்வினுக்கே வந்தது. பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்ற சிறு கடலுயிரை 1846இல் ஆராய ஆரம்பித்தார். சிலி நாட்டுக் கடற்கரையில் சேகரித்த விசித்திரமான ஒரே ஓர் இனத்தை விவரிப்பதுதான் திட்டம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தார். எட்டு வருடம் ஆனது. நடுவில், 1852இல், இதுவரை எந்த மனிதனும் வெறுக்காத அளவுக்குப் பார்னக்கிளை வெறுக்கிறேன் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் நிறுத்தவில்லை. 1853இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தபோது அந்த ஆராய்ச்சியும் காரணமாகச் சொல்லப்பட்டது. ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் இடையே கோடு போடுவது எவ்வளவு கடினம் என்று அவர் கைப்பட அறிந்ததும் அந்த எட்டு வருடங்களில்தான்.

வறண்ட காலத்தில் அளவைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். தினம் 30 பக்கம் பார்ப்பவன் நான், அப்படிப்பட்ட வாரங்களில் 12 பக்கம் பார்ப்பேன், ஆனால் பட்டியலின் எல்லா வரிகளோடும். கெடு நெருக்கினால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கூடவே, படி 3க்குப் போய் ஒரு புதிய துண்டை எடுப்பேன். மனம் வறண்டதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய துண்டு கைக்குப் பழகிப்போனதுதான்.

மூன்று மாதம் முடிந்ததும் முதல் வாரத்துத் தாளை எடுத்து இப்போதைய வாரத்தோடு வைத்துப் பாருங்கள். ‘நேரம் போனதே தெரியவில்லை’ என்ற வரியில் ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா? வந்திருந்தால் அந்தத் திசையில் போங்கள். நன்றாகத் தூங்கி, ஒரு துண்டையாவது உச்சமாகச் செய்து, பயன்படுத்துபவரை நேரில் பார்த்து, தவறுகளை எண்ணிக் குறைத்த பிறகும் அந்த வரி வெறுமையாகவே இருந்தால் வேறு வேலை தேடலாம், தாராளமாக. கூடவே அந்தத் தாளையும் தவறு நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். புதிய இடத்தில் எதைக் கேட்க வேண்டும், எதை ஏற்கக் கூடாது என்பது அவற்றில் எழுதியிருக்கும்.